யாருடைய பாவம், யாருடைய பலி?

தமிழில் 'பாவம்' என்னுஞ் சொல்லை நாம் இரு பொருளில் வழங்குகின்றோம். ஒருவன் செய்த தீவினையை அது குறிக்கும். பிறர் செய்த தீவினைக்கு ஆளாகித் தவிப்பவனைக் கண்டு இரங்கும்போதும் அதுவே நம் வாயில் வரும். கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தின் வாசலில், செவ்வாய்க்கிழமை வெயிலில் நின்று மெழுகுதிரி விற்கும் ஏழைப் பெண்ணொருத்தியைப் பார்த்துப் "பாவம்!" என்று நாம் கூறினால், அவளைப் பாவி என்று கூறியதாக எவரும் கொள்வதில்லை. 'பலி' என்னுஞ் சொல்லும் இவ்வாறே இரண்டுபட்டு நிற்கின்றது. பீடத்தில் மனமுவந்து படைக்கப்படுவதும் பலி. பேருந்து மோதி இறந்தவரையும் குண்டு வெடித்து இறந்தவரையும் நாளேடுகள் 'பலி' என்றே எழுதுகின்றன. படைத்தவர் எவர், எந்தத் தெய்வத்துக்குப் படைத்தார் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை.

குற்றத்தையும் குற்றத்தின் சுமையைச் சுமப்பவனையும், தன்னைத் தருபவனையும் பிறரால் கொல்லப்படுபவனையும் ஒரே சொல்லுக்குள் அடக்கும் இவ்வழக்கு, கிறித்தவ சமயத்தின் மையக் கோட்பாட்டை ஆராய்வதற்கு நல்லதொரு வாயிலாகும். மனிதகுலத்தின் பாவத்துக்காக மாசற்ற ஒருவர் பலியானார். அப்பலியினால் மனிதகுலம் மீட்படைந்தது என்பது அக்கோட்பாடு. கொட்டாஞ்சேனையின் தொழிலாளர் குடியிருப்புக்களிலும் வெள்ளவத்தையின் நடுத்தர வர்க்க வீடுகளிலும் அதனை நம்பி வாழ்வோர் பலர். குருமாரின் தனிச்சொத்து என்று இதனை ஒதுக்கிவிடும் முற்போக்கு நண்பர் சிலர் நம்மிடையே உளர். கலையையும் இலக்கியத்தையும் சமுதாய உறவுகளின் ஒளியில் ஆராயும் நாம், மக்கள் தம் துயரத்தையும் குற்றத்தையும் விளங்கிக்கொள்ளும் முறையையே வகுத்துத் தந்த ஒரு கோட்பாட்டை ஆராயாது விடுதல் பொருந்தாது.

இத்தகைய ஆராய்ச்சியைக் கொழும்பில் இருந்துகொண்டே செய்து, அதற்குரிய விலையையும் கொடுத்த குருவானவர் ஒருவர் உண்டு. அவர் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த திஸ்ஸ பாலசூரிய அடிகளார் (1924-2013). அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'நற்கருணையும் மானிட விடுதலையும்' (1977), 'மரியாளும் மானிட விடுதலையும்' (1990) ஆகிய இரு நூல்களும் பாவம், பலி, மீட்பு என்பன பற்றி இந்நாட்டில் எழுதப்பட்டவற்றுள் மிகத் துணிவானவை. அவற்றை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். எனினும் அவர் எதனோடு வாதிட்டார் என்பதை அறியாமல் அவரை மதிப்பிட இயலாது. ஆதலின் 'மீட்பு' என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

கத்தோலிக்கர் 'மீட்பர்' என்பர். சீர்திருத்தத் திருச்சபையார் 'இரட்சகர்' என்பர். மீட்டல் என்பது சந்தையிலிருந்து வந்த சொல். கொச்சிக்கடைத் திருத்தலத்திலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்தில் செட்டியார் தெரு இருக்கின்றது. நகைக் கடைகளும் அடகுக் கடைகளும் நிறைந்த தெரு அது. பிள்ளையின் படிப்புச் செலவுக்காகச் சங்கிலியை அடகு வைத்த தாய்க்கு, மீட்பு என்பது உவமையன்று. மாதந்தோறும் வட்டியோடு அவள் எண்ணிப் பார்க்கும் தொகை. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் சொல்லும் இத்தகையதே. அடிமையையோ சிறைப்பட்டவனையோ விடுவிக்கக் கொடுக்கும் விலையை அது குறித்தது. அடிமைகளின் உழைப்பில் நின்ற உரோமப் பேரரசில் விடுதலையை வேறெந்தச் சொல்லால் ஏழைமக்கள் எண்ணியிருத்தல் கூடும்?

ஆனால் விலை என்று கூறியவுடன், அதை யாருக்குக் கொடுத்தது என்ற கேள்வி எழுகின்றது. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்னும் அறிஞர், மனிதரைச் சிறைப்பிடித்திருந்த சாத்தானுக்கே அவ்விலை கொடுக்கப்பட்டது என விளக்கினார். காண்டர்பரிப் பேராயர் அன்செல்ம், 1098 அளவில் முடித்த தமது நூலில் இதனை மறுத்தார். மனிதன் கடன்பட்டது சாத்தானுக்கு அன்று, கடவுளுக்கே என்றார். அவமதிக்கப்பட்டவர் எவ்வளவு உயர்ந்தவரோ அவ்வளவுக்குக் குற்றமும் பெரிது; எல்லையற்றவரின் மாட்சிக்கு நேர்ந்த குறையை எல்லையற்றவரே ஈடு செய்தல் வேண்டும் என்பது அவர் வாதம். நிலப்பிரபுவின் மானத்தை அளவுகோலாகக் கொண்ட சமுதாயத்தின் நீதி முறை இவ்வாதத்திற் படிந்திருப்பதைக் காண்பது கடினமன்று. பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகளின் எழுத்தில் காட்சி நீதிமன்றத்துக்கு மாறுகின்றது. நீதிபதி, தண்டனை, குற்றவாளிக்குப் பதிலாகத் தண்டனை ஏற்பவர் என்பன முன்னிற்கின்றன. அடிமைச் சந்தை, பிரபுவின் அவை, நீதிமன்றம் என்று, ஒவ்வொரு காலமும் தன் வாழ்வில் கண்ட உறவுகளிலிருந்தே மீட்பின் உருவகத்தைத் தேர்ந்துகொண்டது.

நம் நாட்டின் உழைக்கும் மக்களும் ஒரு வகை மீட்பை அறிந்திருந்தனர். அது பெருந்தோட்டங்களில் வழங்கிய 'துண்டு' முறை. கங்காணியின் கீழ்த் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளி, வழிச்செலவு முதலாகக் கடனாளியாகவே தோட்டத்துட் புகுந்தான். அவனும் அவன் கூட்டத்தாரும் வேறு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமாயின், கடன் செலுத்தப்பட்டால் விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுத்த துண்டு வேண்டும். புதிய துரை கடனைச் செலுத்துவார். அக்கடன் புதிய தோட்டத்தின் கணக்கேட்டில் தொழிலாளியின் பேரிலேயே மீண்டும் ஏறும். 1921 இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. விலை கொடுக்கப்பட்டது, உடைமையாளர் மாறினார், அடிமை நிலை மாறவில்லை. மீட்பைப் பற்றிப் பேசும் எந்தப் போதனையையும் இத்துண்டின் அருகில் வைத்துப் பார்த்தல் தகும். கட்டுண்டவனின் கட்டு அவிழ்ந்ததா, அன்றிக் கட்டியவன் மட்டும் மாறினானா?

மீட்புக்கு மறுபக்கமாக நிற்பது சென்மப் பாவம் என்னும் கோட்பாடு. முதல் மனிதனின் குற்றம் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வழிவழியாக வருகின்றது என்பது அது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த புனித அகுஸ்தினாரே இதற்குத் திட்டமான வடிவம் கொடுத்தவர். பவுலடிகள் உரோமருக்கு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு வசனம் இதற்கு முக்கிய ஆதாரமாயிற்று. எல்லாரும் பாவஞ் செய்தமையால் சாவு எல்லாரையும் சேர்ந்தது என்று பொருள்படத்தக்க கிரேக்கத் தொடர், அவர் கையாண்ட இலத்தீன் பெயர்ப்பில், அந்த ஒருவனுக்குள்ளே எல்லாரும் பாவஞ் செய்தனர் என்று பொருள்பட நின்றது. 1546 இல் திரெந்துச் சங்கம் இக்கோட்பாட்டைக் கத்தோலிக்கத் திருச்சபையின் விதியாக உறுதி செய்தது. அகுஸ்தினார் ஞானஸ்நானம் பெறாது இறந்த குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் அது மிக இலேசானது என்று எழுத நேர்ந்தது. மனித உள்ளத்தை அத்தனை ஆழமாக அறிந்த ஒருவரை இவ்விடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது தர்க்கத்தின் கொடுமையே.

தமிழ் இலக்கியத்தில் இக்கோட்பாடு எவ்வாறு உருப்பெற்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) 1894 இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்' இத்துறையிற் பெருங்காப்பியம். ஆங்கில நாட்டில் பாத்திரம் ஒட்டும் தொழில் செய்து, அனுமதியின்றிப் போதித்த குற்றத்துக்காகச் சிறையிருந்த ஜான் பனியனின் உரைநடைக் கதையை அவர் கம்பன் மரபில் தோய்ந்த செய்யுளாக்கினார். வைணவ பக்தியில் வளர்ந்து பின்னர்க் கிறித்தவரான அவர், மூலத்தில் இல்லாத அளவுக்கு இயேசுவின் பாடுகளை விரித்துப் பாடியமை அவருடைய தனிச்சிறப்பு. ஆயினும் கதையின் அமைப்பு மூலத்தின் அமைப்பே. பாவமாகிய மூட்டையை முதுகிற் சுமந்த ஒருவன் அழிவின் நகரத்தைவிட்டு ஓடுகின்றான். சிலுவையின் அடியில் மூட்டை விழுகின்றது. அவன் மேலுலகை நோக்கி நடக்கின்றான். அவன் விட்டுவந்த நகரம் என்னவாயிற்று? அந்நகரில் மூட்டை சுமப்போர் எஞ்சவில்லையா? கொட்டாஞ்சேனைக்கு அப்பால் புறக்கோட்டையில் அரிசி மூட்டைகளை முதுகில் ஏற்றி இறக்கும் நாட்டாமைமார், சுமை என்பது ஒருவனின் உள்ளத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை அறிவர்.

ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே இதற்கு முன்னரே வேறொரு குரல் எழுந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க சமயம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், கோவாவிலிருந்து 1705 இல் இங்கு வந்து 1742 இல் இம்மண்ணிலேயே மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் ஊர் கூடியிருந்து இராகத்தோடு வாசிக்கும் நூலாக நிலைத்தது. கடனும் ஈடும் பற்றிய கணக்கைவிட, துன்புற்றவனுக்காக அழும் ஒப்பாரியே அங்கு மேலோங்கி நிற்கின்றது. மறைந்து வழிபட்ட மக்களுக்கு, ஆட்சியாளரால் பிடித்துச் செல்லப்பட்டு வதைக்கப்பட்ட ஒருவனின் கதை தொலைவானதன்று. 'பாவம்' என்ற சொல்லின் இரண்டாவது பொருளில், இரக்கப் பொருளில், மீட்பரைக் கண்ட மரபு இது. கற்றோர் இம்மரபை எளிய மக்களின் பக்தி என்று தள்ளிவிடுவர். ஆனால் பாடுபட்டவனை மறக்க விடாத நினைவு அதில் உண்டு.

இப்பின்னணியில் பாலசூரிய அடிகளாரின் எழுத்தை வைத்துப் பார்ப்போம். அவர் பொருளியல் பயின்றவர். கொழும்பு அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். 1971 ஏப்பிரலில் தென்னிலங்கையின் கிராமப்புற இளைஞர் ஆயுதமேந்தி எழுந்து, ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அதே ஆண்டில் அவர் அப்பதவியை விட்டுச் சமூக சமய நிலையத்தை நிறுவினார். இறையியலை அவர் எண்ணியது இத்தகைய ஆண்டுகளின் நடுவிலேதான்.

நற்கருணை பற்றிய நூலில் அவர் கேட்ட கேள்வி எளிமையானது. தன் உடலையே பிறருக்கு உணவாகப் பகிர்ந்தவரின் நினைவாகப் பல நூற்றாண்டுகளாகக் கோடிக்கணக்கான பூசைகள் ஒப்புக்கொடுக்கப்பட்டுள்ளன. அப்பூசைகளிற் பங்குபற்றியோரே உலகின் பெரும்பகுதியைக் குடியேற்ற நாடுகளாக்கிச் சூறையாடினர். ஒரே அப்பத்தைப் பகிர்வோருள் ஒருவன் பசியோடும் ஒருவன் மிகையோடும் வீடு திரும்புகின்றனர். இஃது எவ்வாறு கூடிற்று? பலி என்பதைப் பீடத்துச் சடங்காகச் சுருக்கி, அதன் பயனைத் தனி ஆன்மாவின் கணக்கில் எழுதியமையே காரணம் என்றார் அவர். தோட்டத்துரையும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குச் சென்றவரே என்பதை நினைவுகூரும் நமக்கு, இக்கேள்வியின் கூர்மை விளங்கும்.

மரியாள் பற்றிய நூலில் அவர் மேலும் ஆழத்துக்குச் சென்றார். வலியோர் வீழ்த்தப்படுவதையும் பசித்தோர் நிறைவுறுவதையும் பாடிய ஏழைப் பெண்ணாக லூக்காவின் நற்செய்தியிற் காணப்படும் மரியாள், பிற்காலப் பக்திப் பாடல்களில் கண்ணீர்ப் பள்ளத்தாக்கில் தவிக்கும் தனி ஆன்மாக்களின் புகலிடமாக மட்டும் ஆக்கப்பட்டது எவ்வாறு என ஆராய்ந்தார். அதன் வேரை அவர் சென்மப் பாவக் கோட்பாட்டிற் கண்டார். பிறக்கும் எல்லாரும் குற்றவாளிகள்; விடுதலைக்கு ஒரே வழி திருச்சபையின் கையில் உள்ளது என்றால், பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் பெரும்பான்மையினராக வாழும் ஆசியாவில் அது எத்தகைய செய்தி? குடியேற்றத்துக்கும் சமய மேலாண்மைக்கும் அது துணை போயிற்று என்றார். மனிதருள் எப்பகுதியினரையும் இழிவுபடுத்தும் கோட்பாடு அன்பே உருவான கடவுளிடமிருந்து வந்திருத்தல் இயலாது என்பது அவர் கைக்கொண்ட அளவுகோல்.

1994 இல் இலங்கை ஆயர்கள் இந்நூலைக் குறித்து எச்சரித்தனர். சென்மப் பாவத்தையும் மரியாள் பற்றிய விசுவாசக் கோட்பாடுகளையும் கிறித்துவின் மீட்புப் பணியின் தனித்தன்மையையும் அவர் மறுப்பதாக உரோமை குற்றஞ்சாட்டிற்று. தம் கருத்துத் திரிக்கப்பட்டதென அவர் பதிலளித்தார். தமக்கென வரைந்து அனுப்பப்பட்ட விசுவாச அறிக்கையில் அவர் கையொப்பமிடவில்லை. 1997 சனவரியில் அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். 1998 சனவரியில், அவர் தம் வருத்தத்தைத் தெரிவித்தபின் அவ்விலக்கு நீக்கப்பட்டது. எழுபதைக் கடந்த ஒரு குருவானவருக்கு, வாழ்நாள் முழுவதும் தாம் ஒப்புக்கொடுத்த பூசையிலிருந்து விலக்கப்படுதல் எத்தகைய தண்டனை என்பதை விசுவாசிகள் அல்லாதாரும் உணரலாம்.

எனினும் ஒருவர் தண்டிக்கப்பட்டார் என்பதற்காக அவர் கூறியன எல்லாம் சரியெனக் கொள்வது விமரிசனமாகாது. அவரது வாதத்தில் இரு குறைகளைக் காண்கின்றோம். முதலாவது, ஒரு கோட்பாட்டால் தீய பயன் விளைந்தது. ஆகவே கோட்பாடு பொய் என்ற பாய்ச்சல் அவர் எழுத்திற் பல இடங்களில் உண்டு. தீய பயன் நம்மை ஐயுறச் செய்யலாம். அதுவே நிரூபணம் ஆகாது. கிறித்துவை அறியாதோரும் மீட்படையக் கூடும் என்று 1964 இல் வத்திக்கான் சங்கமே அறிவித்திருந்தது என்பதையும் நியாயமாகக் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது குறை ஆழமானது. பிறப்போடு வரும் குற்றத்தை மறுத்து, சமுதாய அமைப்பின் மீது அவர் பாவத்தை ஏற்றினார். 1987 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் தம் சுற்றுமடலொன்றில் 'பாவக் கட்டமைப்புகள்' பற்றிப் பேசியதால், அக்கருத்தை அந்நியமானதென எவரும் தள்ள முடியாது. ஆனால் அமைப்பின் பாவம் என்று கூறி நிறுத்திவிட்டால், எல்லாருடைய பாவமும் எவருடையதும் அல்லாததாகிவிடும் ஆபத்து உண்டு. மறுதலித்தபின் வெளியே சென்று அழுத பேதுருவுக்கும், வாங்கிய வெள்ளிக்காசுகளைத் திருப்பி எறிந்த யூதாசுக்கும் அமைப்பைப் பற்றிய விளக்கம் போதாது. தன் பங்கு என்ன என்று கேட்கும் மனச்சாட்சிக்கு அவர் நூல் அதிகம் கூறவில்லை.

ஆகவே அவரைத் தாண்டி நாம் ஓரடி செல்லல் வேண்டியிருக்கின்றது. 2022 ஏப்பிரலில் இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. அந்த மாதத்தில் கொட்டாஞ்சேனையில் பிறந்த குழந்தை, தான் வாங்காத கடனோடு பிறந்தது. அக்குழந்தை குற்றவாளியா? இல்லை. ஆயினும் சுமை உண்மையானது. பால்மாவின் விலையிலேயே அது தெரிந்தது. சென்மப் பாவம் என்று முன்னோர் தட்டுத்தடுமாறிக் கூற முயன்ற உண்மையை நாம் இவ்வாறு விளங்கலாம்: நாம் பிறக்குமுன் செய்யப்பட்ட அநீதியின் சுமைக்குச் சிலரும் அதன் பயனுக்குச் சிலரும் உரிமையாளராகப் பிறக்கின்றனர். பிறப்பினால் எவரும் குற்றவாளி ஆவதில்லை. ஆனால் பயனை அறிந்தும் அனுபவித்துக்கொண்டிருப்பவன் அறிந்த நாள் முதல் பொறுப்பாளி ஆகின்றான். கடனைக் கட்டுபவர் யார் என்று மட்டும் கேட்டுவந்த இறையியல், கடனை வாங்கி உண்டவர் யார் என்றும் கேட்டிருத்தல் வேண்டும்.

பலியைப் பற்றியும் இத்தகைய கேள்வி ஒன்று உண்டு. அதனை நற்செய்தியே எழுப்புகின்றது. ஒருவர் எல்லாருக்காகவும் சாவது பற்றி அருளப்பர் எழுதிய நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தில் பேசுபவன் எவன்? தலைமைக் குருவாகிய கயபா. உரோமரின் சீற்றத்திலிருந்து மக்களைக் காக்க ஒருவனைக் கொல்வதே ஆதாயம் என்பது அவன் கணக்கு. தன்னையும் அறியாது அவன் தீர்க்கதரிசனம் உரைத்தான் என்று நற்செய்தியாளர் உடனே சேர்க்கின்றார். ஆயினும் சொன்னவன் அதிகாரத்தில் இருந்தவன். சொல்லப்பட்டது பிறனொருவனின் உயிரைப் பற்றி. அதே நற்செய்தியில் இயேசு தம் உயிரைத் தாமாகவே கொடுப்பதாகக் கூறுகின்றார். சொல் ஒன்றே, பொருள் முற்றிலும் வேறு. தன்னைத் தருபவன் கூறினால் அது அன்பு. பிறனைத் தருபவன் கூறினால் அது கொலைக்குக் கூறும் நியாயம். பலியைப் பற்றிய எப்போதனையைக் கேட்டாலும், அதைக் கூறுபவன் எங்கே நின்று கூறுகின்றான் என்று நாம் முதலிற் பார்த்தல் வேண்டும்.

கொழும்பு நகரின் வரலாறு கயபாவின் கணக்கை நன்கறியும். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையில் மீகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் கத்தோலிக்கக் கூட்டமொன்றினால் தாக்கப்பட்டது, இரத்தம் சிந்திற்று. உலகின் பாவம் போக்கப்பட்ட திருநாளில் பாவஞ் செய்தவர்கள் அத்திருநாளைக் கொண்டாடியவர்களே. 1983 யூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் புலிகளாற் கொல்லப்பட்டனர். அதற்கு ஈடாக, அச்செயலில் எப்பங்குமற்ற தமிழ் மக்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தம் வீடுகளோடு எரிக்கப்பட்டனர். வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். ஒருவன் செய்ததற்கு மற்றவன் ஈடு என்ற கருத்து, அன்பிலிருந்து பிரிக்கப்பட்டால் எத்தகைய உருவெடுக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அயலவனைத் தன் வீட்டில் ஒளித்துவைத்த சிங்களவர் அன்று பலர் இருந்தனர். யன்னலைச் சாத்திக்கொண்டவரும் இருந்தனர். அமைப்பின் பாவம் என்பது பின்னவருக்குத் தப்பும் வழியாகிவிடலாகாது.

2019 ஏப்பிரல் 21 மீண்டும் உயிர்த்த ஞாயிறு. காலைப் பூசையின்போது கொச்சிக்கடைத் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் கொழும்பின் விடுதிகளிலும் வெடித்தவற்றோடு, 250 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தாக்குதல் பற்றிய எச்சரிக்கை ஏப்பிரல் 4 ஆந் திகதியே இந்தியப் புலனாய்வுத் துறையிடமிருந்து வந்திருந்தது. மே மாதத்தில் முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கயபாவின் கணக்கு மீண்டும் தலைகாட்டிற்று. 2023 சனவரி 12 ஆந் திகதி உயர் நீதிமன்றம், எச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமையால் மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டனவெனத் தீர்ப்பளித்து, முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவை நட்டஈடாகச் செலுத்தவேண்டுமென விதித்தது. பூசையின் தொடக்கத்திற் கூறும் பாவ அறிக்கையில் கடமை தவறுதலும் ஒரு பாவமாக எண்ணப்படுவதைக் கத்தோலிக்கர் அறிவர். அப்பாவத்துக்கு இங்கே பெயரும் பதவியும் இருந்தன.

இறந்தோரை உயிர்ப்பு விழாவின் பலிகள் என்று போற்றி ஆறுதல் கூறுவோர் உண்டு. துயருற்றோரின் ஆறுதலை நாம் குறை கூறோம். ஆனால் அவர்கள் எவரும் தம்மை ஒப்புக்கொடுக்கச் சென்றவரல்லர். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பூசைக்குச் சென்றவர்கள். கொல்லப்பட்டவரைப் பலிப்பொருள் ஆக்கும்போது, கொலை ஏதோ ஒரு புனிதத் திட்டத்தின் பகுதியாகிக் கொலைகாரனும் கடமை தவறியவனும் பின்னணியில் மறைகின்றனர். தாமாகத் தம்மைத் தந்தோர் வேறு. மன்னார் வங்காலையில் தம் மக்களை விட்டுச் செல்லாது நின்று 1985 சனவரியிற் கொல்லப்பட்ட மேரி பஸ்தியன் அடிகளாரும், ஏழைப் பௌத்த விவசாயிகளிடையே வாழ்ந்து, 1987 நவம்பர் 10 ஆந் திகதி ஊவாவின் புத்தளயில் பூசை ஒப்புக்கொடுக்கும்போது சுடப்பட்ட மைக்கல் றொட்றிகோ அடிகளாரும் அத்தகையோர். அவர்களும் சாவைத் தேடவில்லை. மக்களை விட்டுப் போக மறுத்தனர். அவர்களுடைய ஈகம் அவர்களைக் கொன்றோரின் குற்றத்தை எள்ளளவும் குறைப்பதில்லை.

இங்கே வரலாறு ஓர் உண்மையைக் காட்டுகின்றது. பாலசூரிய அடிகளாரின் நூலை எதிர்த்தோருள் முன்னின்றவர் அந்நாளைய ஆயர் மல்கம் ரஞ்சித். அவரே, கர்தினாலாக, 2019 க்குப் பின்னர் தாக்குதலுக்குப் பொறுப்பானோர் யார் என்ற உண்மையை வெளியிடுமாறு ஆண்டுதோறும் ஆட்சியாளரை வற்புறுத்தி வந்தார். மன்னிப்பு வேறு, நீதி வேறு என்பதைத் தம் மக்களின் இரத்தம் சிந்தப்பட்டபோது திருச்சபை தெளிவாகக் கூறியது. பாவத்துக்கு உரியவரைப் பெயர் கூறிக் கேட்கவேண்டும் என்ற இடத்துக்கு, விலக்கப்பட்டவரும் அவரை எதிர்த்தவரும் வெவ்வேறு வழியால் வந்து சேர்ந்தனர். தன் சபையாரின் இரத்தத்துக்குக் கேட்கும் நீதியை 1983 இன் இரத்தத்துக்கும், பெருந்தோட்டத்தின் வியர்வைக்கும் அதே குரலிற் கேட்பதே இனி எஞ்சியுள்ள பணி.

கட்டுவாப்பிட்டித் தேவாலயத்தில் உயிர்த்த கிறித்துவின் சுரூபமொன்று, இரத்தத் துளிகள் தெறித்த நிலையிலேயே கண்ணாடிக்குள் வைத்துப் பேணப்படுகின்றது. இரத்தம் பாவத்தைக் கழுவும் என்பது அம்மக்கள் பிறந்தது முதல் கேட்ட போதனை. அவர்களே அவ்விரத்தத்தைக் கழுவாது வைத்திருக்கின்றனர். மீட்பரின் பலியைப் பற்றி எழுதப்பட்ட பெருநூல்கள் பல கூறாத ஒன்றை அவர்கள் அறிந்துள்ளனர் என்றே கருதுகின்றோம். சிந்திய இரத்தம் முதலிற் சாட்சி கூறல் வேண்டும். பாவம் யாருடையது என்று தெரிந்த பின்னரே, அது போக்கப்பட்டது என்று கூறும் உரிமை எவருக்கும் உண்டாகும்.